கீழ்க்காட்டில் இருபத்துமூன்று சிவப்பு

அன்பு மகன் மிஹ்யாருக்கு,

இறைவன் காவலில் நீயும் ருவைதாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், இந்த வரியை எழுதும் நேரம் வரை நானும் உன் அப்பாவும் சுகம்தான். போன வாரம் உன் குரலில் இருந்த சளி இறங்கியதா, அங்கே இன்னும் குளிர் என்றாய், கழுத்தை மூடிக்கொள். இங்கே வீட்டின் உடைந்த பக்கத்துக்குத் தகரம் போட்டாகிவிட்டது, சமையலறைக்கு மேலே மொட்டைமாடி மிஞ்சியிருப்பதால் துணி அங்கேதான் காய்கிறது. குன்றின் மேல் இருந்த படையினர் விறகுக்கு வெட்டிய அத்திமரம் அடியிலிருந்து துளிர்த்திருக்கிறது.

தொலைபேசியில் இதைச் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தே கெடுத்துவிடுவார், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சுஹைலா நாளை சந்தைக்குப் போகிறாள், அங்கேதான் இணையம் கிடைக்கும், தாளின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்று புதன். சனிக்கிழமை காலை எள் விதைக்க உழுவதற்கு உன் நண்பன் திரார் டிராக்டரோடு வருகிறான், நீதான் அவனை ஏற்பாடு செய்தாய், நீதான் அவனை நிறுத்த வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. நாம் ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து கீழ்க்காட்டில் ஐந்து வருடமாக ஏர் படவில்லை, புல்லும் முள்ளும் இடுப்பளவு. உழாத நிலத்தில் காட்டுக் கசகசாவின் சிவப்புப் பூ பூக்காது என்று உனக்குத் தெரியும், அதன் விதை எத்தனை வருடமானாலும் மண்ணுக்குள் தூங்கும், யாராவது மண்ணைப் புரட்டி வெளிச்சம் காட்டினால்தான் எழும். நம் ஊர் இடுகாட்டிலும் புதுக் கல்லறைதான் அடுத்த வசந்தத்தில் சிவக்கும், பழையவை புல்லாகவே கிடக்கும். திங்கட்கிழமை துணி உலர்த்த ஏறியபோது கீழ்க்காட்டின் நடுவில் சிவப்பைப் பார்த்தேன். முதலில் அழகாக இருந்தது. பிறகு பார்த்தால் ஒவ்வொன்றும் ரொட்டித் தட்டு அகலத்தில் தனித்தனித் திட்டு, இரண்டு வரிசை, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் திட்டு. ஒன்றுக்கொன்று ஏழெட்டு அடி. மொத்தம் இருபத்துமூன்று. காற்று அப்படி வரிசை பார்த்து விதைக்காது மகனே. குன்றின் மேல் இருந்தவர்கள் போன குளிருக்கு முன், புறப்படுவதற்கு முன், அங்கே தோண்டியிருக்கிறார்கள்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "மிஹ்யாரம்மா, குண்டுக்குப் பயப்படாம இருந்தவ பூவுக்குப் பயப்படுறியே" என்றார். ஆட்டுக்காரர் ஹம்தூன் மந்தையை அதே நிலத்தில் மூன்று முறை மேய்த்துவிட்டார், அது போதும் அவருக்கு. இங்கே திரும்பி வந்தவர்கள் எல்லோரும் நிலத்தை இப்படித்தான் சோதிக்கிறார்கள், முதலில் ஆடு, பிறகு கீரை பறிக்கும் பெண்கள், கடைசியில் கலப்பை. ஆடும் நாங்களும் பிழைத்துவிட்டோம் என்றால் நிலம் சுத்தம் என்று கணக்கு. டாங்கியின் எடைக்கென்று புதைத்த கண்ணிவெடி ஆட்டுக்கும் எனக்கும் வெடிக்குமா, டிராக்டருக்குத்தானே வெடிக்கும்? நானும் ஆறு முறை அதற்குள் போயிருக்கிறேன். புரண்ட மண்ணில் குப்பைஸாக் கீரை கொழுத்து வளர்ந்திருந்தது, அந்த இடங்களாகத் தேடித் தேடிக் குந்தினேன். வெங்காயமும் எண்ணெயும் போட்டு வதக்கியதை உன் அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். 

திராரிடமும் சொன்னேன். "அத்தை, என் வண்டி எத்தனையோ பொண்ணுங்களையே பார்த்துடுச்சு, பூவுக்கா மயங்கப் போகுது" என்கிறான். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். கண்ணிவெடி எடுக்கும் குழுவிடம் போய்ப் பெயர் கொடுத்தேன். "என்ன பார்த்தீங்க, கம்பியா, இரும்பா?" என்று கேட்டார் எழுதுகிறவர். பூ என்றேன். பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், எழுதிக்கொள் என்று நான் அதட்டிய பிறகு எழுதினார். முறை வர ஐந்து வாரமாவது ஆகுமாம்.

நேற்று மதியம் நடந்ததை எழுதத்தான் கை வரவில்லை. நான் மாடியில் நின்றேன், உன் அப்பா என் கண்ணெதிரே நிலத்துக்குள் இறங்கினார். முதல் வரிசையில் நாலாவது திட்டின் மேல் ஏறி நின்று, "பாருடி, நல்லாப் பாரு" என்று இரண்டு காலாலும் மிதித்தார். ஒரு முறை அல்ல. கத்தினால் திரும்பி ஓடி வேறு எதையாவது மிதிப்பாரோ என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு பூவைப் பறித்து வந்து என் கையில் கொடுத்தார். வேரோடு வந்திருந்தது. அதன் வேரில் ஒட்டியிருந்தது கீழ்க்காட்டின் மேல்மண் அல்ல, ஆழமாகத் தோண்டினால்தான் மேலே வரும் வெள்ளைச் சுண்ணாம்பு மண்.

மகனே, நான் சொன்னால் கிழவியின் பயம், நீ சொன்னால் திரார் கேட்பான். படித்த உடனே அவனைக் கூப்பிடு, எள் இந்த வருடம் வேண்டாம் என்று உன் அப்பாவிடமும் நீயே சொல், அவர் கோபம் என்னோடு இருக்கட்டும். தாளின் பின்பக்கத்தில் மாடியிலிருந்து பார்த்தபடி வரைந்திருக்கிறேன், ஒலிவ மரங்களிலிருந்து எத்தனை அடி என்று குறித்திருக்கிறேன். அதை அழித்துவிடாதே, காகிதத்திலும் எடுத்து வை. இன்று காலைக் காற்றில் ஒன்பது திட்டுகளில் இதழ் உதிர்ந்துவிட்டது. குழு வரும்போது நிலம் முழுக்க ஒரே புல்லாக இருக்கும்.

இறைவன் உன் பிள்ளையை உன் கண்முன் வளர்க்கட்டும். ருவைதாவுக்கு என் முத்தம். சனிக்கிழமை காலை, மறந்துவிடாதே.

உன் அம்மா,
நத்வா