முதலில் ஜெபம்

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் சபை நடத்தும் மருத்துவ முகாமில் முதலில் ஜெபம், பிறகுதான் டாக்டர். இந்த ஊருக்கு வேறு டாக்டர் கிடையாது. வரிசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிகிரி முடித்தவள் என்பதால் இவர்களுக்கு நான் டீச்சர்.

நேற்று ஒரு பெண் காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையோடு வந்தாள்.

"டீச்சர், மூச்சு ஒரு மாதிரி வாங்குது. முன்னாடி விடுறீங்களா?"

ஜெபம் நடத்தும் பாஸ்டரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் கூச்சம் உனக்குத் தெரியுமே. "வரிசையில வாங்கம்மா" என்றேன். ஜெபம் முடிந்து அவள் டாக்டரிடம் போவதற்குள் டாக்டரின் வண்டி கிளம்பிவிட்டது.

இன்று காலை குழந்தையை அடக்கம் செய்தார்கள். அவள் வீட்டு வாசலில் தயங்கி நின்ற என்னைக் கண்டதும் அவள் எழுந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர். எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க?"

உட்கார்ந்துவிட்டேன், அக்கா.

உன் தங்கை