ஆறாவது கால்

மார்ச் 3

காலையில் மிக்சி நின்றுவிட்டது. "என்னன்னு பாருங்க" என்றேன். இவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒன்பதாவது இதழ்ல சமையல்காரன் கேப்டன்கிட்ட கோவிச்சுக்கிட்டு சரக்கறைக்குள்ள போய் தாழ்ப்பா போட்டுக்குவான்ல, அதே கேஸ்தான்."

மிக்சி ஓடுமா ஓடாதா? எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஓடும் என்று அர்த்தமாம். சூடு ஆறினால் அவனாகவே கதவைத் திறந்துகொண்டு வருவானாம். அரை மணியில் வந்தான்.

இந்தச் சமையல்காரன், கேப்டன் எல்லாரும் 'நடக்கும் கப்பல்' என்ற படக்கதையில் வருகிறவர்கள். விண்வெளிக் கப்பல், ஆனால் கால் இருக்கிறது, கிரகம் கிரகமாக நடக்கும். இவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் முப்பத்தோரு இதழ் வந்து, வாங்க ஆளில்லாமல் நின்றுபோனது. முப்பத்தொன்றும் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன, என் நகைகளைவிடப் பத்திரமாக. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். ஒரு பக்கம்கூட நான் புரட்டியதில்லை. காதால் கேட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

இவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையிலும் இதே கூத்துதான். கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர் ஒருவரிடம் இவர் சொன்னதை நேற்று நானே கேட்டேன்: "இடது கண்ணு நல்ல மாலுமி சார். வலதுதான் டூட்டில தூங்குது." பெரியவர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். வலது கண்ணுக்குப் பவர் கூடியிருக்கிறது என்று நான்தான் மொழிபெயர்த்தேன்.

மார்ச் 5

இயக்குநர் போன் செய்தார். நான் வசனம் எழுதும் நர்ஸ் சீரியலில் இப்போது அழுகை கொஞ்சம் அதிகமாம். "நர்ஸ் வீட்டு வாஷிங் மெஷினை ரிப்பேர் பண்ண ஒருத்தன் வர்றான். ரெண்டே வாரம். ஆளு பேசினா ஜனங்க சிரிக்கணும். நாளைக்கே வேணும் மேடம்."

விசித்திரமாகப் பேசும் ஆளைத் தேடி நான் எங்கே போவேன்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்!

மெக்கானிக்குக்கு 'ஸ்க்ரூ' என்று பட்டப்பெயர் வைத்தேன். வாஷிங் மெஷினைத் தட்டிப் பார்த்து, "கப்பல் நாலு காலையும் மடிச்சு உக்காந்துருச்சுங்க" என்கிறான். பேனா தானாக ஓடியது.

இவருக்குத் தெரிய வழியில்லை. கடை மூடி வருவதற்குள் சீரியல் முடிந்துவிடும். அந்தக் கதையை அறிந்தவர் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான். பிறகு யார் கண்டுபிடிப்பது?

மார்ச் 19

ஸ்க்ரூ பிய்த்துக்கொண்டு போகிறான்! இரண்டு வாரம் போதாது, வைத்திருங்கள் என்று சேனல் அதிகாரியம்மா சொல்லிவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள்: "பஸ் வரலடி, கப்பல் உக்காந்துருச்சு." எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நர்ஸுக்கும் அவன்மேல் மெல்ல ஒரு பிரியம் வரட்டும் என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

மார்ச் 27

மாட்டிக்கொண்டேன்.

கண்ணாடி வாங்க வந்த ஒரு டீச்சர் இவரிடம், "நீங்க அப்படியே டிவில வர்ற ஸ்க்ரூ மாதிரி பேசறீங்களே, நாலு கால் கப்பல்னு" என்று சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்தார். ஊரே சிரிக்கும்படி கட்டின புருஷனை எழுதி வைத்திருக்கிறாயே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

"நாலு காலா?" என்றார்.

"என்னங்க?"

"கப்பலுக்கு ஆறு கால். பதினாறு வருஷமா சொல்றேன். நாலுன்னு எழுதியிருக்க!"

"நடக்கறதுன்னா நாலு கால்லதானேன்னு…"

"ஆடா மாடா, நாலு கால்ல நடக்க?"

கோபம் அதற்கு மட்டும்தான். சாப்பிடும்போதும் "நாலாம்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறி இருமினாள்.

மார்ச் 29

இன்றிலிருந்து இவர்தான் எனக்கு ஆலோசகர்! எழுதிய பக்கங்களைக் காபியோடு கொடுக்கிறேன், பென்சிலால் திருத்தித் தருகிறார். "சமையல்காரனுக்கு மீசை கிடையாது." "கேப்டன் கெட்ட வார்த்தை பேசமாட்டார், 'துருப்பிடிச்சவனே'ன்னு மட்டும் திட்டுவார்." ஸ்க்ரூவின் பேச்சுக்கு உயிர் வந்துவிட்டது. இத்தனை நாளாக நான் எழுதியது வெறும் உமி போலிருக்கிறது.

ஏப்ரல் 2

பக்கங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது திடீரென்று கேட்டார். "ஜனங்க இவனைப் பாத்து சிரிக்கறாங்களா?"

"ஆமாங்க. நல்லா சிரிக்கறாங்க."

"நல்ல சிரிப்பா?"

காபி ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 9

இடி. சேனலில் புது உத்தரவு. நர்ஸுக்குப் பணக்கார டாக்டர் மாப்பிள்ளை வருகிறான். ஸ்க்ரூவைக் கழற்றிவிட வேண்டும். தெருவில் வைத்து நாலு பேர் முன்னால் நர்ஸ் அவனைப் பார்த்து, மனுஷன் மாதிரி பேசத் தெரியாதா என்று கேட்கிறாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போகிறான். கெஞ்சிப் பார்த்தேன், இயக்குநர் மசியவில்லை.

இவரிடம் சொன்னேன். "இவனையும் நிறுத்திடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 10

எழுதிவிட்டேன். எழுதிவிட்டேன் என்பதைவிடக் கொட்டிவிட்டேன் என்பது சரி. "ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாதா உனக்கு? பசிக்குதான்னு கேட்டா கப்பல், காய்ச்சலான்னு கேட்டா கேப்டன். உன்கூட வாழணும்னா பக்கத்துல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும்!" அடித்தல் திருத்தல் இல்லாமல் நான்கு பக்கம். இவ்வளவு சுலபமாக நான் எதையும் எழுதியதில்லை.

வழக்கம்போலக் காபியோடு கொடுத்தேன். புத்தி எங்கே போயிற்று எனக்கு? அவர் மெதுவாகப் படித்தார். ஒரே ஓர் இடத்தில் பென்சிலை வைத்தார் — மறுபடியும் 'நாலு கால்' என்று எழுதியிருந்தேன். அதை ஆறாக்கினார்.

"சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 11

மிக்சி மறுபடி நின்றது. "மோட்டார் சூடாயிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுப் போடு" என்றார்.

சரிதானே? இதைத்தானே கேட்டேன்?

ஏப்ரல் 12

"சாப்பாடு நல்லா இருக்கு."

ஏப்ரல் 13

"மேகமா இருக்கு. குடை எடுத்துட்டுப் போ."

ஏப்ரல் 14

வீடு ரயில் நிலைய விசாரணைக் கவுண்ட்டர் போலாகிவிட்டது. கேட்டால் கேட்டதற்குப் பதில். முகத்தில் கோபம் இல்லை, சண்டைக்கும் வரமாட்டேன் என்கிறார். "ஏங்க இப்படி இருக்கீங்க?" என்றேன். "எப்படி?" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? ஒழுங்காக இருக்கிறீர்கள் என்றா?

ஏப்ரல் 16

மகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கடைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடிக் கடைக்காரர் பெண்ணுக்கே கண்ணாடி. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் பார்த்து, "ரெண்டு கண்ணுலயும் பவர் இருக்கு. இனிமே கண்ணாடி போடணும்" என்றார். பவர் எவ்வளவு என்பதையும் சொன்னார். சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல்.

வழியெல்லாம் அவளுக்கு அழுகை. கண்ணாடிக்காக என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்கிறாள்: "அப்பாவுக்கு என்மேல என்ன கோவம்மா? வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் மாலுமி கதை சொல்றாரு. எனக்கு மட்டும் நம்பர் சொல்றாரு."

"உன் கண்ணு ரெண்டும் நல்ல மாலுமிங்கடா கண்ணு…" என்று ஆரம்பித்தேன். "எந்த மாலுமி? மேல் தளமா, கீழ் தளமா?" என்றாள். எனக்கு அதற்குமேல் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான்தான்!

ஏப்ரல் 17

அவர் கடைக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து முப்பத்தோரு இதழையும் இறக்கினேன். மதியம் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

சிரித்தேன், நம்பமுடியவில்லை. கேப்டன் 'துருப்பிடிச்சவனே' என்று அரசனையே திட்டும் இடத்தில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

பன்னிரண்டாவது இதழில்தான் அது இருந்தது. கப்பலின் ஆறாவது கால் தரையைத் தொடாது. அந்தரத்தில் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். எதற்கு வீண் சுமை என்று கேப்டன் அதை வெட்டி எறிகிறார். மறுநாள் காலை கப்பல் ஓர் அடி எடுத்து வைக்கிறது — குப்புற விழுகிறது. மற்ற ஐந்தும் சாயாமல் இருந்ததே அது ஆடிய ஆட்டத்தால்தான். அந்தக் காலைத் தேடிக்கொண்டு எல்லாரும் வந்த வழியே திரும்பி நடக்கிறார்கள்.

முப்பத்தோராவதில் கப்பல் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது. கீழே 'தாண்டுமா? அடுத்த இதழில்' என்று போட்டிருக்கிறது. அடுத்த இதழ் இல்லை. "இவனையும் நிறுத்திடுவாங்களா" என்று அவர் ஏன் கேட்டார் என்பது இப்போதுதான் உறைத்தது. மட்டி நான், மட்டி.

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். நாளைக்குத்தான் அந்தக் காட்சி படப்பிடிப்பு.

ஏப்ரல் 18

இன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

புதுப் பக்கங்களைப் பார்த்ததும் இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மேடம், நர்ஸ் இவனை வேண்டாம்னு சொல்லணும். நீங்க என்ன எழுதி வெச்சிருக்கீங்க? டாக்டரை எங்க கொண்டுபோய் நிறுத்துவேன்?"

நிதானமாகத்தான் பேச நினைத்தேன். வாயைத் திறந்தால், "சார், அவன் ஆறாவது கால் சார்! தரையைத் தொடமாட்டான், பாத்தா வெட்டி மாதிரி இருப்பான். வெட்டிப் பாருங்க, உங்க நர்ஸு, உங்க டாக்டர், உங்க அழுகை எல்லாம் குப்புற விழும்!" என்று கத்திவிட்டேன். படப்பிடிப்புத் தளமே திரும்பிப் பார்த்தது. மேக்கப் அக்கா சீப்பும் கையுமாக நின்றுவிட்டார்.

"நீங்களே ஸ்க்ரூவா மாறிட்டீங்களே" என்றார் இயக்குநர்.

விளக்குப் பிடிக்கும் அண்ணன் மேலேயிருந்து குரல் கொடுத்தார். "அக்கா சொல்றது புரியுது சார். அவன் வராத அன்னிக்கு எங்க வீட்டுல பாதியில டிவியை அணைச்சுர்றாங்க."

இயக்குநர் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு சேனல் அம்மாவுக்குப் போன் போட்டு, ஓரமாகப் போய்ப் பேசினார். என்ன கால், எத்தனை கால் என்று அங்கேயும் விளக்க வேண்டியிருந்தது போலிருக்கிறது. ஆறு விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார், போனில்! திரும்பி வந்து, "எடுத்துருவோம். ரேட்டிங் விழுந்தா உங்க பேரைச் சொல்லிருவேன்" என்றார்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

இன்று ஒளிபரப்பு. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வாருங்கள் என்றேன். "எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே" என்றார். ஆனாலும் வந்தார். மகள் புதுக் கண்ணாடியோடு நடுவில் உட்கார்ந்தாள்.

நடுத்தெரு. நர்ஸ், "நேரா பேசத் தெரியாதா உனக்கு?" என்கிறாள். இவர் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டார். ஸ்க்ரூ தடுமாறுகிறான். "எனக்கு… உங்களைப் பிடிக்கும். மெஷின் சரியாயிருச்சு. மேகமா இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க." பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறான்.

நர்ஸ் பின்னாலிருந்து, "கப்பல் எங்க?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"நேரா பேசுன்னுதான் சொன்னேன். கப்பலை விட்டுட்டு வான்னா சொன்னேன்? ஆறு காலும் எனக்கு வேணும். ஆறாவதுதான் முதல்ல வேணும்."

விளம்பரம் வந்துவிட்டது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பார்க்கத் தைரியம் இல்லை.

"பன்னெண்டாவது இதழ்" என்றார் கடைசியில்.

"ஆமா."

"எப்ப படிச்ச?"

"போன வாரம். முப்பத்தொண்ணும்."

"ஏதாவது தப்பு இருக்குதாங்க?" என்று நானே கேட்டேன். யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். "ஒண்ணுகூட இல்ல." பிறகு மகள் பக்கம் திரும்பி, அவள் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டையால் துடைத்து மாட்டிவிட்டார். "நீ மேல் தளத்து மாலுமிடா. உன் ரெண்டு கண்ணுக்கும் தொலைநோக்கி கொடுத்திருக்கு. கீழ் தளத்துல இருக்கறவனுக்கு அதெல்லாம் தரமாட்டாங்க."

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் பெருமையாக. அழுதது நான்தான்.

மே 12

சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒழுகுகிறது என்று பிளம்பர் வந்தார். உள்ளே தலையை விட்டபடியே, "இந்த இரும்புக் கம்பி எதையும் தாங்காத மாதிரிதாம்மா இருக்கு. ஆனா இது ஆறாவது கால். எடுத்தா மொத்தக் குழாயும் ஆடிரும்" என்றார்.

நான் பூரித்துப்போய் இவரைப் பார்த்தேன். முகம் தொங்கிவிட்டது. "பிளம்பருக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு" என்று முணுமுணுத்தார். "இனிமே எனக்குன்னு என்ன இருக்கு?"

சாயங்காலம் பரணில் ஏறி உருட்டும் சத்தம். தூசியும் தும்மலுமாக ஒரு தட்டை அட்டைப்பெட்டியோடு இறங்கினார். ஏதோ பழைய பலகை விளையாட்டாம், பெயர் 'பனிச்சுரங்கம்'. விதிப்புத்தகத்தில் பாதியைக் கரையான் தின்றுவிட்டதாம். உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது என்று சொல்லும்போது கண் மின்னியது.

மே 13

காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது சுரங்கத்துல மாட்டிக்கிட்ட விளக்குக்காரன் மாதிரி இருக்கு."

பத்து மணிக்குள் எபிசோட் அனுப்ப வேண்டும். இயக்குநர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

"யாருங்க அந்த விளக்குக்காரன்?" என்று கேட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.