முதுகில் புள்ளி இல்லாத மீன்

கனடா
ஞாயிறு மாலை

அன்புள்ள அத்தான்,

நீங்களும் மாமியும் சுகம்தானே? பருத்தித்துறைக் கடல் இப்போது எப்படி, தினமும் மீன்பிடிக்கப் போகிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவீர்கள் என்று பஸ் தரிப்பில் இருந்து இதை எழுதுகிறேன்.

இன்று நான் மீன் பிடித்தேன்! என்னோடு வேலை செய்யும் உடுப்பிட்டிச் சுபாஜினி ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். இங்கே வோலாய், சோகர் என்று இரண்டு மீன்கள், அக்கா தங்கை போல இருக்கும். சட்டப்படி இந்த மாதம் சோகரை வைத்துக்கொள்ளலாம். வோலாயைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும்.

தூண்டிலை ஆற்றின் அடியோடு மெல்ல இழுத்தபோது ஈரச்சீலை சிக்கியது போல ஒரு பாரம். தூக்கினால் முழங்கை நீள மீன், பளிங்கு போன்ற கண்.

"உது சோகர்தான் கலா! இண்டைக்குக் குழம்பு வைப்பம்," என்று சுபாஜினி துள்ளினாள்.

நான் அன்றன்று பிடித்த பச்சைமீன் சாப்பிட்டு எட்டு மாதம். ஆனாலும் முதுகுச் செட்டையை விரித்துப் பார்த்தேன். சோகருக்கு இருக்கும் கறுப்புப் புள்ளி வரிசை இல்லை. வாலின் கீழ்நுனியும் வோலாய்க்கு இருப்பது போல வெள்ளை.

"இல்லையடி, இது வோலாய்."

"ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாத்திட்டனே."

தூண்டில் முள்ளைக் கழற்றும்போது செட்டை உள்ளங்கையில் குத்தியது. சின்னக் காயம்தான், மாமியிடம் சொல்ல வேண்டாம். தண்ணீரில் வைத்ததும் மீன் ஓடவில்லை. என் கைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் போனது. ஏன் அப்படி? கடல்மீனும் நிற்குமா?

கறித்தூள் அனுப்பும்போது நீங்கள் கட்டிய தூண்டில் ஒன்றும் வையுங்கள். உங்கள் கை எப்படி முடிச்சுப் போடுகிறது என்று அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
உதயகலா