நம் வீட்டுக் கடவாய்ப்பல்

சென்னை,
ஜூன் 1968

அன்புள்ள அய்யாவுக்கு,

மகன் அருஞ்சுனை வணங்கி எழுதுவது. நான் சுகம். பல் பிடுங்கிய இடத்தில் உங்களுக்கு வீக்கம் வற்றிவிட்டதா? அருப்புக்கோட்டைப் பக்கம் மழை எட்டிப் பார்த்ததா?

பல் மருத்துவக் கல்லூரி இன்டர்வியூ அடுத்த வாரம். என்னோடு அறையில் இருக்கும் திருச்சுழி ஜான்ராஜும் அதற்குத்தான் போகிறான். "ஏலே, சாக்பீஸக் குடுத்துக் கடவாப்பல்லு செதுக்கச் சொல்லுவாக. இப்பவே பழகிக்கோ" என்று சொல்லி, செதுக்க ஒரு கத்தியும் தந்தான். அதே சீட்டுக்கு நிற்பவன் எனக்கு ஏன் சொல்லித்தர வேண்டும்? பழகும்போது விரலில் லேசாகக் கீறிவிட்டது, கவலை வேண்டாம். ஆனால் கட்டுப்போடும் துணியை அவன் முன்கூட்டியே கிழித்து வைத்திருந்தான். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

நேற்று பஞ்சில் பொதிந்த ஒரு பல்லை நீட்டி, "எங்கய்யா பல்லுதான். இதப் பாத்துச் செதுக்கு" என்றான். யார் பல்லோ, எந்தப் பல்லோ. நான் தொடவில்லை.

பிடுங்கிய உங்கள் கடவாய்ப்பல்லை எறிந்திருக்காவிட்டால் தபாலில் அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் செதுக்குவேன்.

ஜான்ராஜ் படுக்கும்போது அந்தப் பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

அருஞ்சுனை