மழையைத் திட்டியவன்

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது அந்த நாவல் கையில் வந்தது. திறந்ததும் ரப்பர் ஒட்டுப்பால் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. பக்க ஓரங்களில் உன் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. அழுகை வருமென்று பயந்தேன், சிரிப்புத்தான் வந்தது.

நாம் ஒரே வகுப்புத் தோழிகள். படிப்பு முடிந்ததும் நான் யட்டியாந்தோட்டை பஜாரில் அப்பாவின் புடவைக் கடையில் உட்கார்ந்தேன். நீ ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போனாய். மழை நாளில் வெட்டு இல்லை, அன்றைக்குக் கடைக்கு வந்து புத்தகம் கேட்பாய். நல்ல ஓய்வு கிடைக்கிறது உனக்கு என்று நான்பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் வாசகர் கூட்டத்துக்கும் நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். ஆசிரியர்களும் கிளார்க்குகளும் முன்னால், நீ கடைசி நாற்காலியில். எட்டு மாதம் நீ வாயே திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொண்டது இந்த நாவல். தேயிலைத் தோட்டமொன்றுக்கு எங்கிருந்தோ ஒருவன் பிழைக்க வருகிறான். யாரோடும் ஒட்டமாட்டான். விடியுமுன் எழுந்து லய வீடுகளுக்குப் பின்னாலுள்ள மரங்களைத் தடவுவான், வானத்தைப் பார்ப்பான். சூனியக்காரன் என்று ஊர் பேசுகிறது. கொழுந்து கருகிய வறட்சிக்குப் பிறகு முதல் மழை விழுந்து சனம் கும்மாளம் போடும்போது, அவன் மட்டும் "சனியன், வந்துருச்சா மழை" என்று திட்டிவிடுகிறான். அடித்துத் துரத்துகிறார்கள். வேண்டும் அவனுக்கு என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வாசித்து முடித்து உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

நீ எழுந்தாய். தோட்டத்துப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களே என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை.

"இந்த ஆளு சூனியக்காரன் இல்லைங்க. எங்க ஆளு. பால்வெட்டுனவரு."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "கதையில அப்படி எங்கயும் இல்லையேம்மா?"

"விடியிறதுக்கு முந்தி மரத்தத் தடவுறாருன்னு இருக்குதுங்களே சேர். பட்டை காஞ்சிருக்கான்னு பாக்குறாரு. நாங்க தெனம் செய்றதுதான். பட்டை நனைஞ்சா பாலு சிரட்டைக்கு வராது, மரத்துலயே வழிஞ்சிரும். அன்னைக்கு வெட்டு இல்ல, கூலிக்குப் பேரும் விழாது. மழைன்னா கொழுந்துக்காரங்களுக்குச் சந்தோசம், எங்களுக்கு வயித்துல அடி. ஊரு மாறி வந்தா மட்டும் பழகுன கை சும்மா இருக்குங்களா? அவர யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஆசிரியர் மழைக் காட்சியை மறுபடி சத்தமாக வாசித்தார். அதே வரிதான், இந்த முறை பசித்தவன் குரல் கேட்டது. அத்தனை பேரும் ரப்பர் மரங்களுக்கு நடுவில் வாழ்கிறவர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லையே! நான் என் நான்கு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தேன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் ஒரு படி கூட. "யாரு இவங்க?" என்று ஒருவர் கேட்டதும், "என் கூட்டாளி" என்று மண்டபமே கேட்கச் சொன்னேன்.

வெளியே வந்ததும், "ஏன்டி, சேலையைக் கிழிக்கவா பாத்த?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அத்தனை மழை நாளும் என் எதிரே உட்கார்ந்திருந்த உன்னிடம், இன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது கூட்டத்தை நடத்துவது நான். எந்தக் கதையில் எவன் கெட்டவனாக வந்தாலும், வாய் திறக்குமுன் பின்வரிசையைப் பார்த்துக் கேட்கிறேன்: "இந்த ஆள உங்கள்ல யாருக்காவது தெரியுங்களா?"

போன மாதம் ஒரு கை உயர்ந்தது.