எத்தனை டிகிரி என்று கேட்டீர்கள்

மார்ச் 9, ஞாயிறு, காலை 6.40. அம்மா போய் ஒன்பது நாள்; எனக்குத் தெரியவந்து இரண்டு நாள்.

அன்புள்ள அப்பா,

பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். தேர்வு எழுதிவிட்டேன். அது முடியட்டும் என்றுதான் என்னிடம் மறைத்தீர்கள் என்று அக்கா சொன்னாள்.

அம்மா போன அன்று போனில், என்றும் இல்லாமல் நீங்கள், "சாப்ட்டியாப்பா?" என்றீர்கள்.

"ஏர் ஃப்ரையர்ல ஹாம், சீஸ் வச்சு சாண்ட்விச் போட்டேன்."

"எத்தனை டிகிரி?"

"நூத்தி எண்பது. அஞ்சு நிமிஷம்."

"உள்ள ஃபேன் ஓடுமே, மேல் ரொட்டி பறக்காதா?"

"பல் குத்துற குச்சியச் சொருகியிருக்கேன். என்னப்பா, கடை போடப் போறீங்களா? அம்மாகிட்ட குடுங்க."

"தூங்குறாப்பா. வெண்ணெய் எந்தப் பக்கம் தடவுன?"

எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். அப்போது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்களாம். என் குரலை விட மனமில்லாமல்தான் வெண்ணெய் வரை கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உறைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

இனி செய்யப்போவது:

1. வியாழன் மதியம் விமானத்தில் வந்து இறங்குவேன். அழைத்துப் போக யாரும் வர வேண்டாம்.
2. அம்மாவின் பீரோவை நாம் சேர்ந்து திறப்போம். அதுவரை அக்காவைத் தொடவிடாதீர்கள்.
3. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.
4. நீங்கள் இன்னும் அழவில்லையாம். கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் அழுவோம். வியாழன் மாலை முழுவதையும் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.