கஞ்சியில் விழுந்த இரண்டு கோடுகள்

மச்சான்,

என் முன்னால் ஒரு கைப்பிடிக் கழிவுப் பட்டு நூல் கிடக்கிறது. ஒருகாலத்தில் அரக்கு நிறம். இப்போது ஆயில் குடித்துக் கறுத்து, ஒரு பக்கம் நசுங்கி, மற்றப் பக்கம் பருத்து, வளையம் போல இறுகிக் கிடக்கிறது. முகர்ந்தால் பட்டு வாசனை துளியும் இல்லை. நம் பழைய ஸ்கூட்டரின் வாசனைதான். இதைத் தறிப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்து உன் அக்கா, "சேலையில ஒட்டிக்கப்போவுது, எட்ட வைங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். எட்ட வைக்க மனம் வரவில்லை. இதைப் பற்றி முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பதினோரு வருஷத்துக்கு முந்திய அந்தத் திங்கட்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். உன் மாமியார் வீட்டுக்குத் திருமுக்கூடல் போக ஸ்கூட்டர் கேட்டாய். விடியற்காலையில் சாவியை வாங்கிக்கொண்டு, எனக்குத் தங்கச்சி முறையான உன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினாய். அப்போதே அது பழைய வண்டி. என் அப்பா வாங்கியது. அதன்மேல் யார் கை பட்டாலும் எனக்குப் பொறுக்காது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்குக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மறுநாள் காலை திரும்பி வந்தாய். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நீளமாக இழுத்துக் கட்டிய நூலுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றுகொண்டு கஞ்சியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் சிந்தியிருந்த கஞ்சிமேல் நீ வேண்டுமென்றே வண்டியை ஏற்றி, நேராக என் வாசல் வரை ஓட்டிவந்து நிறுத்தினாய்.

"மாமா, இங்க வந்து பாருங்க. ஒரு வண்டி வந்த மாதிரியா இருக்குது? ரெண்டு சைக்கிள் வந்த மாதிரி இருக்குது."

பார்த்தேன். முன் சக்கரத்தின் வெள்ளைத் தடம் ஒன்று. அதற்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளிப் பின் சக்கரத்தின் தடம் இன்னொன்று. நல்ல வண்டியில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வரவேண்டும்.

"எங்க வுட்ட?" என்றேன்.

"எங்கியும் வுடல மாமா. போவும்போதே ஒரு பக்கமா இழுத்துக்கினு போச்சு. இன்ஜின் சாஞ்சிருக்குதான்னு பாருங்க."

"முந்தாநாள் வரிக்கும் நல்லாத்தான இருந்துச்சு? வண்டிய கீழ போட்டுட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?"

பாவுப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, மச்சான். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீ தங்கச்சியை ஒரு முறை பார்த்தாய். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு வீடு தள்ளி இருந்த உன் வீட்டுக்கு நடந்து போனாய். ஒரு பழுதைக் கண்டுபிடித்து, மறைக்காமல், கஞ்சியில் கோடு போட்டே காட்டியவன் நீ. அதையே நீ செய்த குற்றத்துக்குச் சாட்சி ஆக்கியவன் நான்.

அன்று நீ வீட்டுக்குப் போனபின் அந்தக் கதை தெரு முழுக்கப் போயிற்று. அதைக் கொண்டுபோனதும் நான்தான். வீட்டில் தட்டு விழுந்தால், "யாருப்பா அது, மச்சானா?" என்பேன். கல்யாண வீட்டில் தண்ணீர்க் குவளை உருண்டால்கூட அதே கேள்வி. எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். உன் மகளும் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

இதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். நமக்குத் தெரிந்தவர் ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேனுக்கு டிரைவர் தேடினார். நீ அந்த வேலைக்குக் காத்திருந்தாய். காலையும் மாலையும் ஓட்டிவிட்டு நடுவில் வீட்டில் இருக்கலாம் என்று உனக்கு ஆசை. அவர் என்னிடம், "உங்க மச்சான் எப்படிப்பா?" என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. ஸ்கூட்டர் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் வேறொருவர் வேன் ஓட்டினார். நீ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போனாய். ஏன் அந்த வேலை கிடைக்கவில்லை என்று என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, கஞ்சி கொண்டுவந்த டிபன் பாக்ஸின் மூடியைத் தவறவிட்டேன். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. நீ கண்ணைத் திறந்து, "யாரு கீழ போட்டாலும் என் பேருதான மாமா" என்றாய். உதட்டில் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்துவிட்டுக் குனிந்து மூடியைத் தேடினேன்.

போன மாதம் உன் மகள் வந்தாள். காலேஜ் போக ஸ்கூட்டர் வேண்டுமாம். புது வண்டி பார்க்கலாம் என்றேன்.

"வாணாம் மாமா. மூலையில நிக்குதே, அதையே குடுங்க. எங்கப்பா கீழ போட்ட வண்டிதான? நானே வெச்சுக்கறேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவின் பொருள் ஒன்றைக் கேட்கிற மாதிரி, ஆசையாகத்தான் கேட்டாள். அதுதான் என்னைச் சுட்டது. அவளை ஏற்றி அனுப்புகிற வண்டி நேராகப் போகவேண்டுமே என்று சின்ன காஞ்சிபுரத்தில் பழைய ஸ்கூட்டர்களைப் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன்.

முன்பு ஒருவரிடம் காட்டியிருந்தேன். "மச்சான் கீழே போட்ட வண்டி" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தேன். அவரும் அதை வைத்தே, "அப்ப பாடியே வளைஞ்சிருக்கும், ஒண்ணும் செய்ய முடியாது" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு வண்டி இடப்பக்கம் இழுக்க இழுக்க, நான் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டிப் பழகிக்கொண்டேன். இந்தப் புது மெக்கானிக்கிடமும் அதே கதையை ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"யாரு வுட்டாங்கன்றது எனக்கு வாணாம் சார். ஸ்டாண்ட் போடுங்க."

முதலில் டயரில் காற்று பார்த்தார். பின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது ஆட்டம் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். நட்டுகளை முடுக்கிப் பார்த்தார். இரண்டு சக்கரத்துக்கும் பக்கவாட்டில் ஒரு நூலை இழுத்துப் பிடிக்க என்னைச் சொன்னார். நூல் பிடிப்பது நமக்குப் புதிதா? முன் சக்கரத்தில் நூல் படவே இல்லை. இரண்டு விரல் இடைவெளி. பிறகு வண்டியைச் சாய்த்து அடிப்பக்கம் முழுக்க டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தார்.

"ஒரு மடிப்பு இல்ல, வெல்டிங் வுடல, பெயிண்ட் கூட வெடிக்கல. இது வுழுந்த வண்டி இல்ல சார்."



அந்த ஸ்கூட்டரில் பின் சக்கரம் இன்ஜினோடு சேர்ந்தே இருக்கிறது. அந்த இன்ஜின் ஒரே ஒரு நீள போல்ட்டில் பாடியோடு தொங்குகிறது. போல்ட்டின் இரண்டு முனையிலும் புஷ் என்கிற ரப்பர் வளையம் இருக்கவேண்டும். ஒன்று அமுங்கினால் இன்ஜின் சாயும். சக்கரமும் அதோடு திரும்பும். அவர் போல்ட்டை உருவினார். ஒரு பக்கம் ரப்பர் வந்தது. இன்னொரு பக்கம் இந்தப் பட்டு வந்தது.

"யோவ், இன்னா சார் இது, நூலு?" என்று சிரித்தார். அந்த முடிச்சைப் பார்த்தேன். பாவில் அறுந்த இழையைச் சேர்க்க என் கை போடுகிற முடிச்சு அது.

நீ வண்டி கேட்டாயே, அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. தறியையே பிரித்துக் கோர்க்கிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று நானே இன்ஜினைக் கழற்றினேன். ஒரு பக்க ரப்பர் உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. ஞாயிறு, கடை இல்லை. கழிவுப் பட்டை இறுக்கிச் சுற்றி, ரப்பர் இருந்த இடத்தில் திணித்து மாட்டினேன். பட்டு போல உறுதி வேறு எதில் இருக்கிறது? திங்கட்கிழமை புது புஷ் வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை விடியும் முன்னே நீ சாவி கேட்டாய்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. உன்னைத் தெருவில் பேசிய இரண்டாம் நாளே எனக்கு அது ஞாபகம் வந்தது. அதற்குள் கதை ஊருக்குப் போயிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பட்டு அமுங்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி ஒருநாள் நிஜமாகவே மறந்தும் போனேன்.

மெக்கானிக் புது புஷ் மாட்டிக் கொடுத்த அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். உன் அக்கா கூட வந்தாள். தங்கச்சியும் உன் மகளும் இருந்தார்கள். இந்தப் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேன் விஷயத்தையும் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். உன் அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

தங்கச்சி என் கையிலிருந்த பட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "வேன் சமாச்சாரம் தெரியும்ணா" என்றாள். "அந்த வேன்காரரு வூட்டம்மாவே சொன்னாங்க. நான் உங்ககிட்ட கேக்கறேன்னு கெளம்பனேன். அவருதான் 'வாணாம், மாமா மனசு சங்கடப்படும்'னு உக்கார வெச்சிட்டாரு."

பட்டை என் கையில் திருப்பி வைத்தாள்.

"உங்கள மன்னிக்கிறது பெருசு இல்லண்ணா. ஆனா நீங்க அன்னிக்கி தெருவுல வெச்சு சொன்னீங்க. இத்தையும் தெருவுல சொல்லுங்க."

நேற்றுக் காலை தெருவில் பாவு விரித்திருந்தார்கள். பழைய ஆட்கள் நாலு பேர், புதியவர்கள் சிலர். நான் நடுவில் போய் நின்றேன். கஞ்சி தடவிய கைகள் நின்றன. "என் மச்சான் வண்டிய கீழ போடலபா. பழுது நான் பண்ணது. அவன் அன்னிக்கே கண்டுபுடிச்சு சொன்னான். நான்தான் அவன்மேல பழி போட்டேன்" என்றேன். கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

அன்று சிரித்தவர்களில் மூத்தவர் கேட்டார்: "அப்ப அந்தப் புள்ள சொன்னது நெசந்தானா?"

"நெசந்தாங்க."

"அடப்பாவி" என்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டு நூலுக்குத் திரும்பினார். வாசலில் நின்றிருந்த தங்கச்சி உள்ளே போனாள். உன் மகள் மட்டும் தெருவுக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

நீ செய்த மாதிரியே கஞ்சிமேல் ஏற்றிப் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன். முதலில் நான் ஓட்டினேன். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே தடம் விழுந்தது, மச்சான். ஆனால் அது நேராக இல்லை. வலப்பக்கமாக வளைந்து போயிருந்தது. அடுத்து அவள் ஓட்டினாள். தெருமுனையிலிருந்து உன் வாசல் வரை ஒரே கோடு, நூல் பிடித்த மாதிரி. இறங்கித் திரும்பிப் பார்த்து, "அப்பா வண்டி நல்லாத்தான் போவுது மாமா" என்றாள்.

வண்டியில் குறை இல்லை. பதினோரு வருஷம் வலப்பக்கம் சாய்ந்த உடம்பு இன்னும் சாய்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சாய்கிறேன், உன் அக்கா இடித்துத் தள்ளுகிறாள். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றார் மெக்கானிக். சரியாகாமல் இருந்தால் தேவலை என்று நினைக்கிறேன், மச்சான்.